அமெரிக்கப் பள்ளத்தாக்குகளின் பழைய டோப்போ தாள்கள்: சிங்கப்பூரில் இருந்தபடியே தேடி, திருத்தி, அச்சடிப்பது எப்படி

போன வருடம் நானும் என் மைத்துனரும் யூட்டா மாநிலத்தில், எஸ்கலாண்டே ஆற்றில் வந்து சேரும் கிளைப் பள்ளத்தாக்குகளில் ஒரு வாரம் நடப்பது என்று முடிவு செய்தோம். விமான டிக்கெட் எடுக்க ஒரு மாலைப் பொழுது போதுமானதாக இருந்தது. விடுப்பு கேட்க ஐந்து நிமிடம். வரைபடத்துக்கு, அதாவது மலை பள்ளங்களின் உயரத்தைக் கோடுகளால் காட்டும் டோப்போ தாளுக்கு, மட்டும் மூன்று மாதம் போனது. அதிலும் பாதி நேரம், இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு அது தபாலில் வரும் என்று காத்திருந்ததில் போனது. ஆறு வாரம் கழித்து வந்த குழாய் நடுவில் மடங்கியிருந்தது, தபால் செலவு தாளின் விலையைவிட அதிகம், உள்ளே இருந்ததும் நான் ஏற்கெனவே கணினியில் வைத்திருந்த அதே தாள்.

நீங்கள் நடக்கப் போகிறவராக இருக்கலாம், பழைய வரைபடங்களில் சும்மா ஆர்வம் உள்ளவராகவும் இருக்கலாம். இரண்டு பேருக்கும் வழி ஒன்றுதான். வரலாறு எதுவும் சொல்லப் போவதில்லை, நேராக வேலைக்குப் போகலாம்.

1. எந்தக் காலத்துத் தாள் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"பழைய மேப் வேண்டும்" என்று தேட ஆரம்பித்தால் மூழ்கிப்போவீர்கள். ஒரே இடத்துக்கு ஐந்தாறு தாள்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கு.

1880களில் வந்த 1:250,000 தாள்கள் (தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் இரண்டரை கிலோமீட்டர்) பார்க்க அழகு. ஆனால் அவற்றில் சமவுயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், 250 அடிக்கு ஒன்று. நம் புக்கிட் தீமா 163.63 மீட்டர், அதாவது ஏறக்குறைய 537 அடி. அந்தக் கணக்கில் புக்கிட் தீமா மலை முழுவதற்கும் இரண்டே கோடு! சுவரில் மாட்டவும் பழைய ஊர்ப் பெயர்களைப் பார்க்கவும் நல்லது, நடக்க உதவாது.

அடுத்து 1950, 60களின் 1:62,500 தாள்கள். இவற்றைப் பதினைந்து நிமிடத் தாள் என்பார்கள், அட்சத்திலும் தீர்க்கத்திலும் 15 நிமிடம் அளவுள்ள பரப்பு என்பதால் (இங்கே நிமிடம் என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). யுரேனியம் தேடிப் போனவர்கள் போட்ட ஜீப் தடங்கள் பல இவற்றில் இருக்கும். அதற்கப்புறம் 1:24,000, ஏழரை நிமிடத் தாள். நடப்பவர்களுக்கு இதுதான். யூட்டாவின் தெற்கில் இவற்றில் பல 1980களில் 'புரொவிஷனல்' என்ற முத்திரையோடு, கையெழுத்து போன்ற எழுத்துகளோடு வந்தவை. அவசரமாகச் செய்த தோற்றம் இருக்கும், அதைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள், உள்ளடக்கம் நன்றாகத்தான் இருக்கிறது.

2009-க்குப் பிறகு வரும் புதிய தாள்கள் தரவுத்தளங்களிலிருந்து கணினி தொகுத்தவை. பழைய தாளில் இருக்கும் ஊற்று, ஒற்றையடிப் பாதை, கைவிட்ட சுரங்கத் தடம் எல்லாம் புதியதில் பல இடங்களில் இருக்காது. பழையதைத் தேடிப் போவதற்கு நடப்பவர்களின் காரணம் இதுதான்.

இன்னொரு வகை ஆட்களும் உண்டு. கிளென் கேன்யன் அணையின் மதகுகளை 1963 மார்ச்சில் மூடியபின் பவல் ஏரிக்குள் போன இடங்களைப் பார்க்க நினைப்பவர்கள். ஏரி முழுக் கொள்ளளவில் 3,700 அடி மட்டம், 2023-இல் அது 3,520 அடியை ஒட்டி இறங்கியது, மூழ்கிக் கிடந்த கிளைப் பள்ளத்தாக்குகள் பல வெளியே வந்தன. இவர்களுக்கு 1963-க்கு முந்தைய தாள்தான் வேண்டும். 1921 முதல் 1923 வரை கொலராடோ ஆற்றோடு படகில் போய் அளந்த ஆற்றுப் படங்களும் உண்டு, அவை தாள் பெயரில் தேடினால் மாட்டாது, பல்கலைக்கழக நூலகங்களின் மின் தொகுப்பில் ஆற்றின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். கிராண்ட் கேன்யனின் நடுப்பகுதி மட்டும் போதும் என்றால் பிராட்ஃபோர்ட் வாஷ்பர்ன் ஏழு வருடம் உழைத்து 1978-இல் நேஷனல் ஜியாகிரஃபிக் வழியாக வெளியிட்ட 1:24,000 படத்தைப் பாருங்கள். பாறைச் சுவர்களை அவ்வளவு அழகாக வரைந்த வேறு தாளை நான் பார்த்ததில்லை.

2. பதிவிறக்கம்: காசு கொடுக்காதீர்கள்

அமெரிக்க நிலவியல் அளவைத் துறை, சுருக்கமாக யூ.எஸ்.ஜி.எஸ்., தன் பழைய தாள்களை எல்லாம் ஸ்கேன் செய்து 'டோப்போவியூ' என்ற இணையப் பக்கத்தில் வைத்திருக்கிறது. 1884 முதல் 2006 வரை அச்சானவை, 170,000-க்கும் மேற்பட்ட தாள்கள். கணக்குத் திறக்க வேண்டாம், கட்டணம் இல்லை, காப்புரிமைச் சிக்கலும் இல்லை. இடத்தைச் சொடுக்கினால் அந்த இடத்துக்கு உள்ள எல்லாத் தாள்களும் வருடத்தோடும் அளவுத்திட்டத்தோடும் வரிசையாக வரும்.

நான்கு வடிவங்களில் தருகிறார்கள். ஜேபெக் வேண்டாம், அதில் இடக்குறிப்பு கிடையாது, வெறும் படம். அச்சடிக்க ஜியோபிடிஎஃப், கணினியில் வேலை செய்ய ஜியோடிஃப், கூகல் எர்த்தில் உடனே போட்டுப் பார்க்க கேஎம்இசட். மூன்றையும் இறக்கி ஒரே கோப்புறையில் போட்டுவிடுங்கள். கோப்பின் பெயரை மாற்றாதீர்கள். மாநிலம், தாள் பெயர், வருடம், அளவு எல்லாம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. நான் 'மேப்1', 'மேப்2' என்று மாற்றிவிட்டு இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

3. படத்தைப் பார்க்கும் முன் விளிம்பைப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நான் செய்த தவறு ஒவ்வொன்றுக்கும் விடை தாளின் விளிம்பில் சின்ன எழுத்தில் இருந்தது. படம் அழகாக இருந்ததால் கண் அங்கே போகவே இல்லை.

வருடம் ஒன்று இல்லை, இரண்டு மூன்று இருக்கும். விமானப் படம் எடுத்த வருடம், களத்தில் சரிபார்த்த வருடம், அச்சடித்த வருடம். 1980-இல் அச்சான தாளில் 1952 விமானப் படங்களின் தகவல் இருக்கலாம். ஊதா நிறத்தில் ஏதாவது தெரிந்தால், அது பின்னால் விமானப் படத்தைப் பார்த்துச் சேர்த்தது, ஆள் போய்ப் பார்க்காதது.

அடுத்தது சமவுயரக் கோட்டு இடைவெளி. ஏழரை நிமிடத் தாள்களில் பெரும்பாலும் 40 அடி, பதினைந்து நிமிடத் தாள்களில் 80 அடி பார்க்கலாம். 40 அடி என்றால் 12 மீட்டர், வீவக புளோக்கில் நான்கு மாடி. அதாவது மூன்று மாடி உயரமுள்ள செங்குத்துப் பாறை ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளலாம், தாள் எந்தப் பொய்யும் சொல்லாமலேயே! எங்களுக்கு நடந்தது அதுதான். இரண்டு மணி நேரம் ஒரு வறண்ட ஓடையோடு இறங்கிப் போனோம், படத்தில் கோடுகள் நல்ல இடைவெளியோடு சாதுவாக இருந்தன, ஒரு வளைவு திரும்பியதும் ஓடை அப்படியே முப்பதடிக்குக் கீழே விழுந்தது, மழை பெய்தால் அருவியாகும் இடம். கயிறு இல்லை. வந்த வழியே ஏறித் திரும்பினோம், அன்றைய பகல் அதிலேயே போனது. "உயரம் அடியிலயா மீட்டர்லயா, பாத்தீங்களா மாமா?" என்று மைத்துனர் கேட்டான். அடி என்று தெரியும், ஆனால் எத்தனை அடிக்கு ஒரு கோடு என்பதை அந்தத் தாளில் நான் பார்க்கவே இல்லை.

பெயர்களும் மாறியிருக்கும். கிராண்ட் கேன்யனின் பிரைட் ஏஞ்சல் பாதையில் பழைய தாள்களில் 'இந்தியன் கார்டன்' என்று இருப்பது 2022 நவம்பர் முதல் 'ஹவசுபாய் கார்டன்ஸ்'. பூர்வகுடிப் பெண்களை இழிவாகச் சொல்லும் சொல் வந்த இடப்பெயர்களையும் அதே வருடம் நூற்றுக்கணக்கில் மாற்றினார்கள். அனுமதிப் படிவத்தில் பழைய பெயரை எழுதினால் குழப்பம்தான், யூ.எஸ்.ஜி.எஸ்.-இன் இடப்பெயர்த் தரவுத்தளத்தில் பழைய பெயரைப் போட்டால் இன்றைய பெயர் வரும்.

4. டேட்டம்: 200 மீட்டர் தள்ளி நிற்பது இதனால்தான்

விளிம்பின் கீழே இடப்பக்கம் '1927 நார்த் அமெரிக்கன் டேட்டம்' என்று ஒரு வரி இருக்கும். பூமியின் வடிவத்தை எந்தக் கணக்கில் எடுத்தார்கள் என்பது அதன் பொருள். கைப்பேசியும் ஜிபிஎஸ்ஸும் பயன்படுத்துவது 'டபிள்யூஜிஎஸ் 84', வேறு கணக்கு. யூட்டா, அரிசோனா பக்கம் பழைய தாளின் அட்ச தீர்க்கத்தை அப்படியே ஜிபிஎஸ்ஸில் போட்டால் கிழக்கு மேற்காக 60 மீட்டருக்கு மேல் தள்ளும். தாளில் மீட்டர் கட்டங்களாக உள்ள யூடிஎம் எண்களைப் போட்டால் வடக்கு தெற்காகச் சுமார் 200 மீட்டர்.

நம் ஊரில் 200 மீட்டர் என்றால் அடுத்த பஸ் நிறுத்தம். அங்கே 200 மீட்டர் என்றால் பள்ளத்தாக்கின் இந்தப் பக்கச் சுவரா அந்தப் பக்கச் சுவரா என்பது. பாதை அந்தரத்தில் போவதாகக் கணினியில் தெரிந்தபோது நான் என் ஜிபிஎஸ்ஸைச் சந்தேகப்பட்டு, வாங்கிய கடைக்கே எடுத்துப் போய்ச் சண்டை போட்டேன். பாவம் அந்தக் கடைக்காரர்.

செய்ய வேண்டியது: ஜிபிஎஸ் கருவியின் அமைப்புகளில் டேட்டத்தை 'நாட் 27 கோனஸ்' என்று மாற்றலாம். அதைவிட நல்லது, கீழே சொல்கிறபடி தாளையே இன்றைய கணக்குக்கு மாற்றிக்கொள்வது.

5. கியூஜிஐஎஸ்ஸில் தாளை உட்காரவைப்பது

கியூஜிஐஎஸ் வரைபட வேலைக்கான இலவச மென்பொருள். ஜியோடிஃபைத் திறந்தால் பெரும்பாலும் தானாகவே சரியான இடத்தில் உட்காரும். 'எந்த மாற்றுமுறை வேண்டும்' என்று ஒரு பெட்டி கேட்டால் அவசரத்தில் மூடிவிடாதீர்கள், அதில் 'நாட்கான்' என்று உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கான சிறு கோப்பு இல்லையென்றால் அதுவே இறக்கிக்கொள்ளச் சொல்லும்.

வேறு நூலகத்திலிருந்து எடுத்த வெறும் ஸ்கேன் என்றால் கையால் கட்ட வேண்டும். லேயர் மெனுவில் ஜியோரெஃபரன்சர். ஏழரை நிமிடத் தாளில் இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை சிறு குறியோ கூட்டல் குறியோ இருக்கும், நான்குக்கு நான்கு என மொத்தம் 16 புள்ளிகள். பதினைந்து நிமிடத் தாளில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, அதுவும் 16. ஒவ்வொன்றுக்கும் அட்ச தீர்க்கத்தைக் கொடுத்து, ஆயமுறையாக 1927 டேட்டத்துக்கான இ.பி.எஸ்.ஜி. 4267-ஐத் தேர்ந்தெடுங்கள். டபிள்யூஜிஎஸ் 84-க்கான 4326-ஐப் போட்டால் மேலே சொன்ன 60 மீட்டர் பிழை உங்கள் கையாலேயே உள்ளே வந்துவிடும்.

சிங்கப்பூர்க்காரர்கள் எல்லாரும் விழும் குழி ஒன்று இருக்கிறது. நமக்குத் தீர்க்கம் எப்போதும் கிழக்கு, கூட்டல் எண். யூட்டா மேற்கு, அதனால் கழித்தல் குறி போட வேண்டும். 37.5, 111 என்று நான் போட்டேன், எஸ்கலாண்டே பாலைவனம் சீனாவின் ஷான்சி மாநிலத்தில் போய் உட்கார்ந்தது.

முதல்முறை செய்பவர்கள் நம் ஊர்ப் படத்தில் பழகிக்கொள்ளுங்கள். தேசியப் பல்கலைக்கழக நூலகம் சிங்கப்பூரின் பழைய வரைபடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது, தேசிய ஆவணக் காப்பகத்திலும் உண்டு. தெரிந்த ஊர் என்பதால் தவறு உடனே கண்ணில் படும். ஒரே ஒரு எச்சரிக்கை: கடற்கரையில் புள்ளி வைக்காதீர்கள், பீச் ரோடு நிஜமாகவே கடலோரமாக இருந்த காலத்துப் படம் அது. ஃபோர்ட் கேனிங் மேடு, பழைய சாலைச் சந்திப்புகள் என்று நகராத இடங்களாகப் பாருங்கள்.

1880களின் தாளை மட்டும் இப்படித் துல்லியமாக உட்காரவைக்க முயலாதீர்கள். குதிரையில் போய் மலை உச்சிகளிலிருந்து கோணம் பார்த்து வரைந்தது, ஓர் இடத்தை இழுத்தால் இன்னோர் இடம் விலகும். எனக்கு ஒரு வார இறுதி முழுக்கப் போனது, கடைசியில் விட்டுவிட்டேன்.

6. அச்சடிப்பது

ஏழரை நிமிடத் தாள் ஏறக்குறைய 56 சென்டிமீட்டருக்கு 69. ஏ1 தாளில் தாராளமாக அடங்கும். பதினைந்து நிமிடத் தாள் ஏ2-க்கு ஓரத்தில் இடிக்கும், அதையும் ஏ1-லேயே போட்டுவிடுங்கள்.

சன்ஷைன் பிளாசாவில் அச்சுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பக்கமும் கேட்டுப் பார்க்கலாம். விலை கடைக்குக் கடை மாறும், நான் ஏ1 கலருக்கு ஒரு தாளுக்கு 12 வெள்ளி கொடுத்தேன். கறுப்பு வெள்ளை மலிவுதான், ஆனால் பழுப்புக் கோடும் நீலக் கோடும் ஒன்றாகிவிட்டால் ஓடை எது, சரிவு எது என்று தெரியாது. இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கடையில் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: நூறு விழுக்காடு அளவில், தாளுக்கு ஏற்பச் சுருக்காமல். தலையாட்டுவார்கள், ஆனாலும் சுருக்கிவிடுவார்கள். அதனால் கையில் ஸ்கேல் கொண்டுபோய், காசு கொடுக்கும் முன் அளவுக்கோட்டை அளந்து பாருங்கள். 1:24,000 தாளில் ஒரு கிலோமீட்டர் 4.17 சென்டிமீட்டர், ஒரு மைல் 6.7. 1:62,500-இல் ஒரு கிலோமீட்டர் 1.6. இல்லையென்றால் மறுபடி அடிக்கச் சொல்லுங்கள்.

7. திசைகாட்டி

தேசிய சேவையில் டோப்போ பழகியவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள், என் மைத்துனரையும் சேர்த்து. சிங்கப்பூரில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஏறக்குறைய ஒன்றே, அதனால் காந்த ஒதுக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகிறது. தெற்கு யூட்டாவில் அது கிழக்காகப் பத்து டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஆனால் உங்கள் 1950களின் தாள் 15 டிகிரிக்கும் மேல் என்று சொல்லும், அச்சடித்தபோது அது சரிதான், காந்தப் புலம் அதற்குள் நகர்ந்துவிட்டது. ஐந்து டிகிரி பிழை ஒரு கிலோமீட்டருக்கு 87 மீட்டர் தள்ளும். இன்றைய எண்ணை அமெரிக்கக் கடல், வானிலை அமைப்பான நோவாவின் இணையக் கணிப்பானில் எடுத்து, தாளில் பழையதை அடித்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே வாங்கும் திசைகாட்டியின் முள் நம் பகுதிக்கு ஏற்பச் சமன் செய்ததாக இருந்தால் அங்கே ஒரு பக்கம் சாய்ந்து உரசும். 'குளோபல்' முள் என்று கேட்டு வாங்குங்கள், விலை கூடத்தான், பரவாயில்லை.

8. நேரில் போகிறவர்களுக்கு: ஆவணங்கள், கட்டணம், நேரம்

சிங்கப்பூர்க் கடப்பிதழ் என்றால் விசா இல்லாமல் போக இணையத்தில் எடுக்கும் எஸ்டா அனுமதி போதும், 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து 40 அமெரிக்க டாலர், இரண்டு வருடம் செல்லும். இந்தியக் கடப்பிதழோடு இங்கே வேலை செய்பவர்கள், நிரந்தரவாசிகள் உட்பட, பி1/பி2 விசா எடுக்க வேண்டும்: டிஎஸ்-160 படிவம், 185 டாலர் விண்ணப்பக் கட்டணம், நேப்பியர் சாலைத் தூதரகத்தில் நேர்காணல். நேர்காணல் தேதி கிடைப்பதற்கு முன் டிக்கெட்டோ நடை அனுமதியோ எடுத்துப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

கிராண்ட் கேன்யன், சையன், பிரைஸ் கேன்யன் போன்ற பூங்காக்களில் 2026 ஜனவரி முதல் வெளிநாட்டவருக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல் நுழைவுக் கட்டணம் உண்டு. வெளிநாட்டவருக்கான ஆண்டு அட்டை 250 டாலர், இரண்டு மூன்று பேராகப் பல பூங்காக்களுக்குப் போனால் அதுதான் கட்டுப்படி. பள்ளத்தாக்கில் இரவு தங்க எங்கே அனுமதி வேண்டும், எங்கே வேண்டாம் என்பது நிர்வாகத்துக்கு நிர்வாகம் மாறும். பழைய தாளில் எல்லைகள் வேறாக இருக்கும், அதை நம்பி முடிவு செய்யாதீர்கள். நவஹோ பூர்வகுடி மக்களின் நிலத்தில் நடக்க அவர்களுடைய தனி அனுமதி வேண்டும், பழைய படத்தில் பொதுப் பாதை போலத் தெரிந்தாலும்.

தொலைபேசியில் கேட்பதுதான் வேகமான வழி, ஆனால் மணியைக் கவனியுங்கள். கோடையில் யூட்டாவுக்கு நாம் 14 மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் 15. அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதில்லை, எப்போதும் 15. அதே அரிசோனாவுக்குள் நவஹோ நிலம் மாற்றும்! காலை எட்டு மணிக்கு அலுவலகம் திறக்கும்போது இங்கே இரவு பத்தோ பதினொன்றோ ஆகியிருக்கும், ஒரு கோப்பியோடு உட்காருங்கள். பேசும்போது உங்கள் தாளில் உள்ள ஊற்றுகளின் பெயர்களைச் சொல்லி, இந்த வருடம் தண்ணீர் இருக்கிறதா என்று கேளுங்கள். 1950களில் நீலப் புள்ளி வைத்த ஊற்று இன்று ஈர மணலாக இருக்கலாம்.

குறுகிய பள்ளத்தாக்குக்குள் நுழையப் போகிறீர்கள் என்றால் உங்கள் தாளை மட்டும் பார்க்காமல், அந்த ஓடைக்கு எங்கிருந்தெல்லாம் தண்ணீர் வருகிறது என்று அக்கம்பக்கத் தாள்களையும் சேர்த்துப் பாருங்கள். 1997 ஆகஸ்ட் 12 அன்று ஆன்டிலோப் கேன்யனில் 11 பேர் வெள்ளத்தில் இறந்தபோது, அவர்கள் நின்ற இடத்தில் மழை இல்லை, தொலைவில் மேட்டில் பெய்தது. நம்மைப் போல மழை பெய்தால் ஐந்தடி வழியில் ஒதுங்கிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று மண்டையில் ஏறாது.

கடைசியாக, ஏ1 தாளை இரண்டு பிரதிகளாக அச்சடியுங்கள். ஒன்றை மடித்துப் பையில் வையுங்கள். இன்னொன்றில் போகும் வழியைப் பென்சிலால் வரைந்து வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். என் மனைவியிடம் கொடுத்த தாளின் விளிம்பில், எந்த நாள் இரவு நம்மூர் நேரம் எத்தனை மணி வரை நான் அழைக்காவிட்டால் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிவைத்தேன், பெரிய எழுத்தில்.